பள்ளிக்குக் கொடுப்பவரா, பள்ளியைக் கேட்பவரா?

(பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்வையொட்டி அரசுப் பள்ளிப் பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. அழைப்புச் சீட்டு பிள்ளைகள் கையில் வீட்டுக்கு வந்திருக்கும். "யாராவது ஒருத்தர் இருந்துட்டுப் போகட்டும், நாம வேலைக்குப் போகணும்" என்று அதை மடித்து வைத்தவர்களும் இங்கே இருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு நாள் கூலி போனால் அந்த வாரக் கணக்கே இடிக்கும் என்பதை அறிந்தே பேசுகிறேன். ஆனாலும் அந்த ஒரு பிற்பகலைப் பள்ளிக்குக் கொடுங்கள், கொடுக்கும்போது கண்ணைத் திறந்து ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்பதற்கே வந்திருக்கிறேன். யாரைத் தேர்ந்தெடுப்பது, எதை வைத்து எடைபோடுவது என்பதுதான் இன்றைய பேச்சு முழுவதும்.

முதலில், இந்தக் குழு என்ன என்று தெளிவாக இருப்போம். 2009இல் நாடாளுமன்றம் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவு சொல்வது இது: ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடியின, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் இருக்க வேண்டும்.

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முழு அதிகாரத்தோடு குழு செயல்படும் இடம் அரசுப் பள்ளியும் உள்ளாட்சிப் பள்ளியும் மட்டுமே. லட்சம் லட்சமாகக் கட்டணம் கட்டும் பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகத்தில் சட்டம் தராத இடத்தை, களையெடுக்கப் போகும் ஒரு தாய்க்கு அரசுப் பள்ளியில் சட்டம் தந்திருக்கிறது. இதைச் சலுகையாக நினைக்காதீர்கள். இது உங்கள் உரிமை.

என்ன அதிகாரம்? பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது. அரசிடமிருந்தும் உள்ளாட்சியிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. சட்டம் பெயர் சொல்லி ஒப்படைத்திருக்கும் வேலைகள் இவை. அந்த வளர்ச்சித் திட்டம்தான் பள்ளிக்கு நிதி கேட்பதற்கு அடிப்படை என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. வரும் ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், எத்தனை வகுப்பறை வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தத் தேவை மேலே போகவே போகாது.

தமிழ்நாட்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. 2022இல் இவை அனைத்திலும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். தலைவராக இருப்பவர் அந்தப் பள்ளி மாணவர் ஒருவரின் தாயாக இருக்க வேண்டும் என்பது விதி. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக் குழு 24 பேராக விரிந்தது. பதவிக் காலம் இரண்டு ஆண்டு. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இரண்டாம் வகுப்பை முடிக்கும் காலம் அது. எழுத்துக் கூட்டிப் படிப்பதும் கூட்டல் கழித்தலும் பிடிபட வேண்டிய வயது. அந்த இரண்டு ஆண்டைத் தவறவிட்டால் அந்தப் பிள்ளை பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு பெரிய பொறுப்புக்கு நாம் ஆள் தேர்ந்தெடுக்கும் விதம் எப்படி இருக்கிறது? பல ஊர்களில் நடப்பதைச் சொல்கிறேன். பள்ளி வளாகத்தில் நாற்காலி போட்டிருக்கும். இருபது முப்பது பேர் வந்திருப்பார்கள். யார் யார் பெயர் என்று முன்பே பேசி முடித்த பட்டியல் ஒன்று வாசிக்கப்படும். "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று ஒரு குரல் கேட்கும். கைதட்டல் எழும். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். தேநீர் வரும். முடிந்தது. தலைமையாசிரியரை இதில் நான் குற்றவாளியாக்கவில்லை. கற்பித்தல், பதிவேடுகள், இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று அவர் தலையில் ஆயிரம் சுமை. கூப்பிட்டால் வரக்கூடிய நாலு பேர் கிடைத்தால் போதும் என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் ஆளை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். நாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, குழு சரியில்லை என்று இரண்டு ஆண்டு முழுவதும் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

நம் மனதில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. பள்ளிக் குழுவுக்கு ஆள் என்றதும், பள்ளிக்கு என்ன செய்தார் என்று பார்க்கிறோம். இரும்புப் பீரோ வாங்கிக் கொடுத்தவர், சுதந்திர தினத்துக்கு இனிப்பு வாங்கித் தருபவர், ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டவர் என்று கணக்குப் போடுகிறோம். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித் துறைக்குத் தலைமை வகித்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு 1958இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் நடந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. மக்கள் நிலம் கொடுத்தார்கள். பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தார்கள். அரசின் கையில் பணம் குறைவாக இருந்த அந்த நாளில், ஊர் கூடித் தன் பள்ளியைத் தாங்கியது. நம் தாத்தா பாட்டிகள் எழுத்தறிந்ததில் அந்தக் கொடைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நான் வணங்குகிறேன்.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. அன்று பள்ளி என்பது ஊர் கொடுத்து வளர்க்க வேண்டிய அறம். இன்று கல்வி என்பது அரசு தந்தே ஆக வேண்டிய அடிப்படை உரிமை. 2002இல் வந்த 86ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை 21ஏ பிரிவாகவே எழுதிவைத்தது. உரிமை என்று வந்த பிறகு, குழுவின் முதல் வேலை கொடுப்பது அல்ல. வர வேண்டியது வந்ததா, வந்தது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது. கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும், மாலை போட்டு நன்றி சொல்வோம். குழுவில் உட்காரும் இடத்தை மட்டும் கேட்கத் தெரிந்தவருக்குக் கொடுப்போம்.

ஒரு வரன் வந்தால் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! குணம், வேலை, குடும்பம், கடன் என்று நாலு ஊர் சுற்றி விசாரிக்கிறோம். பள்ளிக் குழுவுக்கு ஆள் என்றால் அந்த விசாரிப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டாமா? பொதுவாக நம் முன்னால் வந்து நிற்பவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்போம்.

வசதி உள்ளவர் ஒருவர் வருவார். நல்ல மனிதராகவே இருப்பார். அவரிடம் பார்க்க வேண்டியது, அவருடைய பிள்ளை இங்கே படிக்கிறதா என்பதை. தன் பிள்ளையை வேன் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு இங்கே தலைமை தாங்க வருபவருக்கு, இந்தப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராத நாளின் கஷ்டம் வீட்டுக்குள் வந்து சேராது. பெற்றோர் இடம் பெற்றோருக்குத்தான் என்று சட்டமே சொல்கிறது.

செல்வாக்கு உள்ளவர் ஒருவர் வருவார். "அவருக்கு எம்எல்ஏவைத் தெரியும், ஒரு போன் போட்டா வேலை நடக்கும்" என்பார்கள். நடக்கலாம். ஆனால் எந்த வேலை, யாருக்கு நடக்கிறது என்பதை அவரே முடிவு செய்வார். ஆள் மாறினால் போனும் நின்றுவிடும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதி, தீர்மானம் போட்டு, கையெழுத்திட்டு அனுப்பிய கோரிக்கை ஆளோடு போகாது. அடுத்த குழுவும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனைவி பெயரில் இடத்தை வாங்கிக்கொண்டு கணவர் வந்து உட்காரும் வழக்கம் ஊராட்சியில் பார்த்துப் பழகியது. பள்ளிக்கூடத்துக்குள் அதை விடக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட தாய் பேசட்டும். தடுமாறினாலும் அவரே பேசட்டும்.

பள்ளியோடு இணக்கமாக இருப்பவர் ஒருவர் வருவார். எப்போது கூப்பிட்டாலும் வருவார், எங்கே காட்டினாலும் கையெழுத்திடுவார். அவரால் சண்டை வராது. ஆனால் கண்காணிப்பும் வராது. இவருக்கு நேர் எதிராக, எதற்கெடுத்தாலும் குரல் உயர்த்துபவர் ஒருவர் வருவார். பிள்ளையின் மதிப்பெண் குறைந்தாலும் சண்டை, முடி வெட்டச் சொன்னாலும் சண்டை. தைரியசாலி என்று நாம் மயங்கிவிடக் கூடாது. அவர் வைக்கும் புகார்கள் யாரைப் பற்றியவை என்று பாருங்கள். எல்லாமே அவர் பிள்ளையைப் பற்றியவை என்றால், குழுவில் அமர்ந்தும் அவர் தன் பிள்ளைக்காகவே பேசுவார்.

இன்னொருவர் இருக்கிறார். பெரும்பாலும் கூட்டத்தின் பின்வரிசையில் இருப்பார். மதியச் சாப்பாட்டில் முட்டை வந்ததா என்று பிள்ளையிடம் தினமும் கேட்பவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்று கவனித்து அதன் வீட்டுக்குப் போய் விசாரிப்பவர். பள்ளிச் சுவரில் விரிசல் இருப்பதை ஆசிரியரிடம் மெதுவாகச் சொல்லி, அடுத்த வாரம் மறுபடி நினைவூட்டுபவர். ஐந்தாவதோ எட்டாவதோ படித்திருப்பார். "எனக்கு என்னம்மா தெரியும்" என்பார். நான் தேடச் சொல்வது இவரைத்தான். குழு வேலைக்கு வேண்டிய குணங்கள் கவனிப்பது, விடாமல் கேட்பது, பிறர் பிள்ளையையும் தன் பிள்ளையாக நினைப்பது. மூன்றும் இவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கணக்குப் படிக்கவும் தீர்மானம் எழுதவும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

சரி, தேர்வு நாளில் எப்படி எடைபோடுவது? நிற்பவர்கள் எல்லோரும் இரண்டு நிமிடம் பேசட்டும் என்று கேளுங்கள். மறுப்பு வந்தால், கை உயர்த்துவதற்கு முன் எழுந்து நின்று இந்தக் கேள்விகளை வையுங்கள்.

முதல் கேள்வி: "நம் பள்ளியில் இப்போது உள்ள மூன்று குறைகளைச் சொல்ல முடியுமா?" பள்ளிக்குள் வந்து போகிறவரால் யோசிக்காமல் சொல்ல முடியும். கட்டடம் வேண்டும், மைதானம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்பவரையும், ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் மாலைவரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று சொல்பவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யார் உள்ளே வந்து பார்த்திருக்கிறார் என்று விளங்கிவிடும்.

இரண்டாவது: "பில்லைப் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவீர்களா?" பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட வரையறையின்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். அதில் 10 விழுக்காட்டையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். இது பெரிய தொகை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். நம் பள்ளிக்கு எவ்வளவு வர வேண்டும், வந்ததா, எதற்குச் செலவானது என்று கேட்பது யார்மீதும் சந்தேகப்படுவதாகாது. கணக்குக் கேட்கும் குழு இருந்தால் நேர்மையான தலைமையாசிரியருக்கும் அது பாதுகாப்பு.

மூன்றாவது: "ஆசிரியர் எண்ணிக்கை போதுமா என்று பார்த்தீர்களா?" ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5 ஆசிரியர் என்று சட்டத்தின் அட்டவணையே வகுத்திருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியராவது வேண்டும். விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும், பற்றாக்குறையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆசிரியர் வரவில்லை என்று வாசலில் நின்று திட்டுவதால் ஆசிரியர் வரமாட்டார். இத்தனை பிள்ளைகள், இத்தனை ஆசிரியர், இத்தனை குறைவு என்று எழுதித் தீர்மானம் போட்டு அனுப்பினால், பதில் சொல்லும் கடமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடும்.

நான்காவது: "கூட்டம் முடிந்து எங்களிடம் வந்து சொல்வீர்களா? எப்படிச் சொல்வீர்கள்?" குழுக் கூட்டம் மாதந்தோறும் நடக்க வேண்டும். உள்ளே பேசியது வெளியே தெரியாவிட்டால் அது நம் குழு அல்ல. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்லலாம். ரேஷன் கடை வரிசையில், தண்ணீர்க் குழாயடியில் சொல்லலாம். பள்ளி அறிவிப்புப் பலகையில் தீர்மானங்களை எழுதி ஒட்டச் செய்யலாம். எந்த வழி என்றாலும் சரி, ஒரு வழியை இன்றே சொல்லட்டும்.

ஐந்தாவதுதான் மிகக் கடினமான கேள்வி: "உங்கள் தெருவைச் சேராத, உங்கள் சாதியைச் சேராத ஒரு பிள்ளைக்கு அநீதி நடந்தால் எழுந்து பேசுவீர்களா?"

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன்? பெற்றோர் கூடினாலே நியாயம் நடக்கும் என்று நம்பிவிட முடியாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் கூடி எதிர்த்தார்கள். அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். அதைக் கண்டித்துப் போராட்டம் எழுந்த பிறகுதான் அதே பள்ளிக்குத் திரும்ப வந்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளிகளில் சாதியை ஒழிக்க வழி காண ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு 2024இல் அறிக்கை தந்தது. பிள்ளைகள் மனதில் அந்த நஞ்சு தானாக முளைக்கவில்லை. பெரியவர்களிடமிருந்துதான் இறங்கியது. பெரும்பான்மை கை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றிருந்தால், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் என்று சட்டம் தனியாக எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஆகவே அந்த இடங்களை ஒப்புக்கு நிரப்பாதீர்கள். பதில் பேசமாட்டார் என்பதற்காக ஒருவரைத் தேடிப் பிடித்துப் பெயரை எழுதுவது அந்தச் சட்டத்தையே ஏமாற்றுவதாகும். அந்தத் தெருவினர் தங்களுக்குள் கூடி யாரை அனுப்ப விரும்புகிறார்களோ அவர் வரட்டும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் தாயும் வரட்டும். சாய்தளம் இல்லாத பள்ளி என்பது அந்தப் பிள்ளைக்கு மூடிய பள்ளிதான் என்று அந்தத் தாயைவிட அழுத்தமாக யாராலும் சொல்ல முடியாது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை கீற்றால் வேய்ந்தது. குறுகிய இடத்தில் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்தார்கள். வெளியேற வழி போதவில்லை. அந்தக் கூரையையும் அந்த நெருக்கடியையும் தினம் பிள்ளையை விடப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதற்குப் பெற்றோர் கையில் அன்று இப்படியொரு சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. கூரை, சுற்றுச்சுவர், மின்கம்பி, கிணறு, கழிப்பறை, பள்ளி வாசலில் வேகமாகப் போகும் வண்டி — இவற்றை ஒவ்வொரு பருவமும் நடந்து பார்த்துக் குறித்து வைப்பவர் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும். பிள்ளையை அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை. "என் பிள்ளையை நாலு போடு போட்டாவது படிக்க வையுங்க" என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரைக் குழுவுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளை ஒரு வேதனையைச் சொல்ல வந்தால் முதலில் காது கொடுக்கக்கூடியவரை அனுப்புங்கள்.

கேட்பவரை அனுப்பினால் ஆசிரியர்களோடு பகை வளரும் என்று சிலர் அஞ்சலாம். அதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகர அனுபவத்தைச் சொல்கிறேன். 1987இல் அங்கே நீண்ட ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தது. கொதித்துப்போன பெற்றோர் அமைப்புகளின் அழுத்தத்தால் 1988இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்தல் மூலம் ஒரு குழு. 6 பெற்றோர், 2 பகுதி மக்கள், 2 ஆசிரியர், தலைமையாசிரியர் என 11 பேர். தலைமையாசிரியரை நான்காண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தும் அதிகாரமே அந்தக் குழுவுக்குக் கொடுக்கப்பட்டது. நம் குழுக்களுக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. 1989 அக்டோபரில் முதல் தேர்தல் நடந்தபோது ஏழைப் பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போட்டியிட்டார்கள். பிறகு வந்த தேர்தல்களில் போட்டியும் வாக்குப்பதிவும் குறைந்தன. பல பள்ளிகளில் இடத்துக்கு ஆள் கிடைப்பதே அரிதானது. சட்டம் இடம் போட்டு வைக்கும், வந்து உட்கார வேண்டியவர்கள் பெற்றோர்தான் என்பது அங்கே கிடைத்த ஒரு பாடம்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. பகை வளருமோ என்ற அச்சத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் சிகாகோ பள்ளிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் மூவருக்குமிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் படிப்பு முன்னேறும் வாய்ப்பு அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். வாய்மூடி இருப்பதால் இந்த நம்பிக்கை வராது. நேர்மையாகக் கேட்டு, நேர்மையாகப் பதில் பெற்று, சொன்னதைச் செய்தபோது பாராட்டுவதால் வளர்வது அது. தலைமையாசிரியர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கேள்வி கேட்கும் தாயைக் கண்டு சங்கடப்படாதீர்கள். காலிப் பணியிடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நீங்கள் தனியாக எழுதும் கடிதத்தைவிட, பெற்றோர் கையெழுத்திட்ட தீர்மானத்துக்கு வலு அதிகம். அந்தத் தாய் உங்களுக்குத் துணை.

இனி நடைமுறை. கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கப்படுகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது அரை நாள் கூலி. "வர முடியாதவரை ஏன் போட வேண்டும்" என்று இதைக் காரணம் காட்டி ஏழைத் தாயைத் தள்ளிவிடாதீர்கள். அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர் வரக்கூடிய நேரத்துக்குக் கூட்டத்தை மாற்றச் சொல்லி முதல் கூட்டத்திலேயே கோரிக்கை வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து அல்லது ரேகை என்று வழக்கம் வையுங்கள். அந்தப் பழக்கம் படித்தவர்களுக்கும் நல்லது.

தேர்வு முடிந்து வீட்டுக்குப் போனதும் நம் வேலை முடிந்துவிடாது. தேர்ந்தெடுத்தவரைத் தனியே விட்டுவிட்டால், எப்படிப்பட்ட தைரியசாலியும் மூன்றாவது கூட்டத்தில் சோர்ந்துபோவார். உங்கள் வகுப்புப் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறை அவரிடம் கேளுங்கள்: என்ன பேசினீர்கள், என்ன முடிவானது, போன மாதம் சொன்னது நடந்ததா? பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் நேரத்தில், கையெழுத்தாகும் முன் எல்லாப் பெற்றோரையும் கூட்டிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊராட்சியால் ஆக வேண்டிய குடிநீரையும் சுற்றுச்சுவரையும் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குழுத் தலைவி அங்கே எழுந்து பள்ளிக்காகப் பேசும்போது அவருக்குப் பின்னால் பெற்றோர் இருபது பேர் உட்கார்ந்திருந்தால், அந்தக் கோரிக்கையை யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியாது.

நம் அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள் பெரும்பாலும் வேறு வழி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி சரியில்லை என்றால் பள்ளியை மாற்றுவார்கள், டியூஷன் வைப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி சரியாக இருந்தால்தான் வாழ்க்கை. இந்தப் பிள்ளைகளிலும், வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளை ஒன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது. அப்பா குடிக்கு அடிமையாகி இருக்கலாம். அம்மா வெளியூர்ச் சூளையில் இருக்கலாம். பாட்டிக்குக் காது கேட்காமல் இருக்கலாம். தன் பிள்ளைக்காக யாரும் பேசுவார்கள். அந்தப் பிள்ளைக்காகவும் பேசக்கூடியவர் உங்களில் யார் என்று பாருங்கள். அவர் பெயரை நீங்களே முன்மொழியுங்கள். அவர் தயங்கினால் பக்கத்தில் நின்று தைரியம் சொல்லுங்கள். கை உயர்த்தும் நேரத்தில் உங்கள் கை அவருக்காக உயரட்டும்.